மீண்டும் பாடுகிறது 'நீலப் புள்ளி'!

பார்த்தால் அலமாரி மாதிரி இருக்கும். ஒரு கதவைத் திறந்தால் ரேடியோ. இன்னொரு கதவைத் திறந்தால் இசைத்தட்டு சுழலும் மேடை. இரண்டு பக்கமும் துணி போர்த்திய ஸ்பீக்கர்கள்.

இதற்கு 'ரேடியோகிராம்' என்று பெயர். ரேடியோவும் கிராமபோனும் ஒன்றாகச் சேர்ந்த பெட்டி என்பதால் இந்தப் பெயர் வந்தது. நான்கு அடி, ஐந்து அடி நீளம் கூட இருக்கும். இரண்டு பேர் சேர்ந்தால்தான் நகர்த்த முடியும்.

தமிழ்நாட்டில் இது பணக்காரர் வீட்டுப் பொருளாக இருந்தது. ஆனால் இங்கிலாந்தில் இந்தப் பெட்டியை உயிராகப் போற்றியவர்களில் பலர் ஏழைகள். பஸ் கண்டக்டர்கள், ஆஸ்பத்திரி நர்சுகள், ஆலைத் தொழிலாளிகள். கடல் கடந்து பிழைக்க வந்தவர்கள்.

அவர்கள் வாங்கிய பெட்டிகளை இன்று பேரப்பிள்ளைகள் தூசி தட்டி எடுக்கிறார்கள். பல ஆண்டுகளாக ஊமையாகக் கிடந்த பெட்டியைப் பாட வைக்க முயல்கிறார்கள்.

பழைய பெட்டிக்கு ஏன் இத்தனை பாடு? அது எப்படிப் பிழைக்கிறது?

கப்பலில் வந்தவர்கள்

1948-ம் ஆண்டு ஜூன் 22-ந் தேதி. லண்டனுக்கு அருகே உள்ள டில்பரி துறைமுகத்தில், 'எம்பயர் விண்ட்ரஷ்' என்ற கப்பலில் இருந்து நூற்றுக்கணக்கானவர்கள் இறங்கினார்கள். ஜமைக்கா, டிரினிடாட் முதலிய மேற்கு இந்தியத் தீவுகளில் இருந்து வந்தவர்கள் அவர்கள். கிரிக்கெட்டில் நாம் 'வெஸ்ட் இண்டீஸ்' என்று சொல்கிறோமே, அந்தத் தீவுகள்தான்.

யுத்தம் முடிந்த நேரம். இங்கிலாந்தில் வேலைக்கு ஆள் இல்லை. அதனால் அடுத்தடுத்து வேறு கப்பல்களும் வந்தன. 1956-ல் லண்டன் போக்குவரத்து நிர்வாகம் பார்படாஸ் தீவுக்கே ஆள் அனுப்பி, வேலைக்கு ஆட்களைத் தேர்ந்தெடுத்தது.

வேலை கிடைத்தது. ஆனால் வீடு?

கறுப்பு நிறத்தவர் என்று தெரிந்ததும் பல வீட்டுக்காரர்கள் கதவைச் சாத்தினார்கள். சாராயக் கடைகளிலும் நடன மண்டபங்களிலும் கூட "உங்களுக்கு இங்கே இடம் இல்லை" என்றார்கள்.

பொது இடங்களில் இப்படிச் செய்வதைத் தடுக்கும் சட்டம் 1965-ல்தான் வந்தது. வீடு, வேலை விஷயங்களுக்கு 1968-ல்தான் வந்தது.

அதுவரை என்ன செய்வது? வாரம் முழுவதும் உழைத்தவனுக்கு ஒரு நாள் பாட்டும் ஆட்டமும் வேண்டாமா?

ஊர் அவர்களை உள்ளே விடவில்லை. ஆகவே கச்சேரியை வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொண்டார்கள். அந்தக் கச்சேரிக்கு வித்துவான், இந்த ரேடியோகிராம்!

சீட்டுப் பணம்

விலை அதிகமான பெட்டியைத் தொழிலாளி எப்படி வாங்கினான்?

சிலர் தவணை முறையில் வாங்கினார்கள். இன்னொரு வழியும் இருந்தது. அது நமக்கு நன்றாகத் தெரிந்த வழி.

பத்துப் பேர், இருபது பேர் சேர்ந்து வாராவாரம் ஆளுக்கு இவ்வளவு என்று பணம் போடுவார்கள். சேர்ந்த தொகை முறை வைத்து ஒவ்வொருவருக்காகப் போகும். ஜமைக்காக்காரர்கள் இதை 'பார்ட்னர்' என்கிறார்கள். நாம் சீட்டு என்கிறோம்.

பாங்குகள் கடன் கொடுக்கத் தயங்கிய காலத்தில், வீடு வாங்குவதற்குக் கூட இந்தச் சீட்டுப் பணம்தான் கை கொடுத்தது.

பெட்டிகளில் பலரும் ஆசைப்பட்டது 'புளூ ஸ்பாட்'. நீலப் புள்ளி என்று அர்த்தம். இது ஒரு ஜெர்மன் கம்பெனியின் சரக்கு. அந்தப் பெயருக்கு ஒரு கதை உண்டு.

1923-ல் பெர்லின் நகரில் தொடங்கிய அந்தக் கம்பெனி, காதில் மாட்டிக் கேட்கும் கருவிகளைச் செய்தது. ஒவ்வொன்றையும் சோதித்துப் பார்ப்பார்கள். தேறியதன் மேல் ஒரு நீலப் பொட்டு வைப்பார்கள். கடைக்கு வந்தவர்கள் கம்பெனியின் பெயரைச் சொல்லாமல், "நீலப் புள்ளி கொடுங்கள்" என்று கேட்க ஆரம்பித்தார்கள். கடைசியில் 1938-ல் கம்பெனியே தன் பெயரை 'பிளாபுங்க்ட்' என்று மாற்றிக்கொண்டது. ஜெர்மன் மொழியில் நீலப் புள்ளி!

இந்தப் பெட்டியின் அடித்த ஓசை, நெஞ்சில் 'தம் தம்' என்று இறங்கும். மேற்கு இந்தியத் தீவுகளின் பாட்டுக்கு அதுதான் வேண்டும்.

முன்னறையின் ராஜா

வீட்டில் எத்தனை நெருக்கடி இருந்தாலும், முன்னறையை மட்டும் தனியாக அலங்கரித்து வைப்பார்கள். கஞ்சி போட்டு விறைப்பாக நிற்கும் பின்னல் விரிப்புகள். பிளாஸ்டிக் பூக்கள். கண்ணாடி அலமாரியில் யாரும் தொடாத கிளாசுகள். சுவரில் ஏசுநாதர் படம்.

விருந்தாளி வந்தால்தான் அந்த அறை திறக்கும். குழந்தைகள் ஓடி விளையாட அனுமதி இல்லை.

அந்த அறையின் ராஜா ரேடியோகிராம்.

ஞாயிற்றுக்கிழமை அமைதியான பாட்டு. அமெரிக்கப் பாடகர் ஜிம் ரீவ்சின் தட்டுகள் பல வீடுகளில் சுழன்றன. சனிக்கிழமை இரவு வேறு கதை. அன்று அக்கம்பக்கத்தார் கூடுவார்கள். ஜமைக்காவின் புதுப் பாட்டு அதிரும்.

1960-ல் லண்டனில் 'புளூ பீட்' என்ற இசைத்தட்டு நிறுவனம் தொடங்கியது. ஜமைக்காப் பாட்டுகளை வெளியிட்டது. 1964-ல் ஜமைக்காப் பெண் மில்லி ஸ்மால் பாடிய 'மை பாய் லாலிபாப்' இங்கிலாந்தின் விற்பனைப் பட்டியலில் இரண்டாவது இடத்துக்கு வந்தது. முன்னறையில் கேட்ட தாளம் ஊர் முழுவதும் கேட்டது.

இந்த முன்னறை, சரித்திரத்தில் இடம் பிடித்துவிட்டது. 2005-ல் லண்டன் ஜெப்ரி மியூசியத்தில் மைக்கேல் மெக்மில்லன் என்ற எழுத்தாளர் இதைப் பற்றி ஒரு கண்காட்சி வைத்தார். அந்த மியூசியம் 2021-ல் 'இல்லங்களின் மியூசியம்' என்ற புதுப் பெயரோடு மறுபடியும் திறந்தபோது, 1976-ம் ஆண்டின் முன்னறை ஒன்றை அப்படியே அமைத்துக் காட்டினார்கள்.

ஏன் ஊமையானது?

1970-களில் காலம் மாறியது. ஸ்பீக்கர் தனி, ஆம்பிளிபயர் தனி என்று சின்னச் சின்னப் பெட்டிகள் வந்தன. காசெட் வந்தது. பெரிய பெட்டி, இடத்தை அடைக்கும் பொருளாகிவிட்டது.

சில பெட்டிகள் குப்பைக்குப் போயின. சிலவற்றின் உள்பாகங்களைப் பிடுங்கி எறிந்துவிட்டு, பாட்டில் வைக்கும் அலமாரி ஆக்கினார்கள். பெரியவர்கள் விடாப்பிடியாக வைத்துக்கொண்டவை மட்டும் பிழைத்தன.

அந்தப் பெரியவர்கள் மறைந்த பிறகு, பெட்டி பிள்ளைகள் கைக்கு வருகிறது. வந்ததும் முதலில் செய்வது என்ன? பிளக்கைச் சொருகிப் பார்ப்பது!

அதுதான் செய்யக் கூடாத காரியம்.

காவல்காரன் தூங்கினால்...

பழைய ரேடியோகிராமில் வால்வுகள் உண்டு. சிறிய பல்பு மாதிரி கண்ணாடிக் குழாய்கள். பெட்டி வேலை செய்யாவிட்டால், வால்வு போய்விட்டது என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள்.

பெரும்பாலும் வால்வு நன்றாகவே இருக்கும். கெட்டுப்போவது, அதன் அருகே கிடக்கும் விரல் அளவு பாகம். அதற்குக் கண்டென்சர் என்று பெயர்.

கண்டென்சரைக் காவல்காரன் என்று சொல்லலாம். வால்வுக்கு வேலை செய்ய சுமார் 250 வோல்ட் மின்சாரம் வேண்டும். ஆனால் அந்த மின்சாரம் ஒரு வால்வில் இருந்து அடுத்த வால்வுக்குப் போகக் கூடாது. பாட்டின் அலை மட்டுமே போக வேண்டும். அலையை விட்டு, மின்சாரத்தைத் தடுப்பது கண்டென்சரின் வேலை.

பல பெட்டிகளில் இது காகிதத்தால் ஆனது. ஐம்பது, அறுபது ஆண்டுகளில் காகிதம் ஈரம் உறிஞ்சிக் கெட்டுவிடும். காவல்காரன் தூங்கிவிடுகிறான்!

மின்சாரம் உள்ளே புகுகிறது. கடைசி வால்வு சிவக்கச் சிவக்கக் காய்கிறது. அதோடு இணைந்த டிரான்ஸ்பார்மர் கருகுகிறது. வால்வு கடையில் கிடைக்கும். அந்த டிரான்ஸ்பார்மருக்கு ஜோடி கிடைப்பதுதான் கஷ்டம்.

மிகக் குறைந்த விலையுள்ள கண்டென்சரை மாற்றாததால் பெட்டியே போய்விடுகிறது.

இன்னோர் ஆபத்தும் உண்டு. சில ஜெர்மன் பெட்டிகளில், மின்சாரத்தைத் திருத்தி அனுப்ப 'செலினியம்' தகடு வைத்திருக்கிறார்கள். அது எரிந்தால் தாங்க முடியாத நாற்றம் வரும். அந்தப் புகை நஞ்சு.

தெரிந்தவர்கள் எப்படிச் செய்கிறார்கள்?

முதலில் பிளக்கைத் தொடமாட்டார்கள். பின்பலகையைக் கழற்றி, உள்ளே இருப்பதைப் படம் எடுத்துக்கொள்வார்கள். எலி கடித்த ஒயர் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். பிறகு சந்தேகமான கண்டென்சர்களை மாற்றுவார்கள். ஒன்றை எடுத்து, அதே இடத்தில் புதியதற்கு ஈயப்பற்று வைத்த பிறகுதான் அடுத்ததைத் தொடுவார்கள். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் பிடுங்கினால், எது எங்கே இருந்தது என்று தெரியாமல் போகும்.

சிலர் பழைய கூட்டைக் குடைந்து, அதற்குள் புதியதை ஒளித்து வைப்பார்கள். பார்க்கப் பழையதாகவே இருக்கும்.

இதெல்லாம் முடிந்த பிறகே மின்சாரம். அதையும் நேராகக் கொடுப்பதில்லை. வழியில் ஒரு சாதாரண குண்டு பல்பைச் சேர்ப்பார்கள். நம் ஊர் எலக்ட்ரீசியன் வைக்கும் 'சீரீஸ் பல்பு'தான் அது. உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு பளிச்சென்று எரிந்துகொண்டே இருக்கும். பெட்டிக்குச் சேதம் வராது. ஷார்ட் இல்லை என்றால், முதலில் எரிந்து பிறகு மங்கும்.

ஒன்றை மறக்கக் கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும், பெரிய கண்டென்சரில் மின்சாரம் தங்கி இருக்கும். ஆளைத் தூக்கி எறியும். உயிருக்கும் ஆபத்து வரலாம். ஆகவே இந்த வேலை, தொழில் தெரிந்தவர் வேலை. மற்றவர்கள் துணி எடுத்து மரத்தைத் துடைப்பதோடு நிற்பது நல்லது.

வால்வு கிடைக்குமா என்ற கவலை பலருக்கு. கிதார் வாசிப்பவர்கள் இன்றும் வால்வு ஆம்பிளிபயரை விரும்புகிறார்கள். அவர்கள் புண்ணியத்தில் சில வகை வால்வுகள் இன்றும் புதிதாகத் தயாராகின்றன.

கோந்தாகிய கிரீஸ்

அடுத்தது, தட்டு சுழலும் மேடை.

சுவிட்சைப் போட்டால் மோட்டார் 'ம்ம்ம்' என்று முனகும். மேடை நகராது. மோட்டார் எரிந்துவிட்டது என்று தூக்கிப் போட்டவர்கள் உண்டு.

உண்மையில் மோட்டார் பல நேரம் சாகவில்லை. தொழிற்சாலையில் வைத்த கிரீஸ் உலர்ந்து கோந்தாகிவிட்டது. அவ்வளவுதான்! அதைச் சுத்தமாகத் துடைத்து, புதிதாகச் சில சொட்டு எண்ணெய் விட்டால் மோட்டார் சுற்றும்.

மோட்டாரின் அச்சுக்கும் மேடைக்கும் நடுவே ஒரு சிறிய ரப்பர் சக்கரம் இருக்கும். மோட்டாரின் சுழற்சியை மேடைக்குக் கொடுப்பது இதுதான். ரப்பர் கெட்டியாகிவிட்டால் பிடிப்பு இருக்காது. பாட்டு இழுக்கும். பாடகர் தூக்கக் கலக்கத்தில் பாடுவது போல இருக்கும்!

ரப்பரை ஸ்பிரிட்டால் துடைத்து, ஓரத்தை லேசாக உப்புத்தாளில் தேய்த்தால் பல நேரம் சரியாகிவிடும். அதன் மேல் எண்ணெய் பட்டால் வேலை கெட்டது.

இந்தப் பெட்டிகளுக்கு ஒரு சாமர்த்தியம் உண்டு. நடுக்கம்பியில் பல தட்டுகளை அடுக்கி வைக்கலாம். ஒன்று முடிந்ததும் அடுத்தது தானே விழும். கை தானே நகர்ந்து போய் உட்காரும். விருந்து நடக்கும்போது யாரும் எழுந்து போக வேண்டியதில்லை.

இந்த வித்தையைச் செய்யும் நெம்புகோல்கள் பூவைப் போல் இலேசாக அசைய வேண்டும். அங்கேதான் கிரீஸ் முதலில் இறுகுகிறது.

ஊசியும் தட்டும்

கடைசியாக ஊசி.

பழைய ஊசி முனைக்கு அடியில், அழுத்தினால் மின்சாரம் தரும் ஒரு படிகம் இருக்கும். சில பெட்டிகளில் அது ஒரு வகை உப்பால் ஆனது. ஈரம் பட்டால் உப்பு என்ன ஆகும்? படிகம் வீணாகிவிடும். பெட்டி கிசுகிசுக்கும். அதை மாற்றித்தான் ஆக வேண்டும்.

தட்டுக்கு ஏற்ற ஊசி வேண்டும். நிமிஷத்துக்கு 78 தடவை சுழலும் பழைய தட்டுக்குத் தடித்த முனை. 33, 45 தடவை சுழலும் தட்டுகளுக்கு அதில் மூன்றில் ஒரு பங்கு மெல்லிய முனை. மாற்றிப் போட்டால் பாட்டும் கெடும், தட்டும் கெடும். அதனால் பல பெட்டிகளில் இரண்டு முனைகளை வைத்து, திருப்பிப் போடும்படி செய்தார்கள்.

78 தடவை சுழலும் தட்டுகளுக்கும் நமக்கும் ஓர் உறவு உண்டு. அவை அரக்கு கலந்து செய்தவை. மரக்கிளைகளில் சிறு பூச்சிகள் உண்டாக்கும் அரக்கு, இந்தியாவில் இருந்து பல நாடுகளுக்கு ஏற்றுமதி ஆயிற்று.

இன்னோர் எச்சரிக்கை. இன்றைய கருவிகளில் ஊசி சுமார் 2 கிராம் எடையோடு தட்டில் உட்காரும். பழைய பெட்டியில் 5 கிராம், 8 கிராம் கூட இருக்கும். தேய்ந்த ஊசியானால் தட்டை உழுதுவிடும். ஆகவே பாட்டி ஆசையாக வைத்திருந்த தட்டை முதலில் வைக்கக் கூடாது. பழைய தட்டுக் கடையில் மலிவாக ஒன்றை வாங்கி, அதை வைத்துப் பார்க்க வேண்டும்.

எதைத் துடைப்பது? எதை விடுவது?

மரவேலையிலும் பலர் அவசரப்பட்டுக் கெடுக்கிறார்கள்.

பளபளக்கும் வால்நட் மரம், உள்ளே வரை வால்நட் அல்ல. மேலே ஒட்டிய மெல்லிய தகடு. 'வினீர்' என்று தச்சர்கள் சொல்வார்கள். உப்புத்தாளை அழுத்தித் தேய்த்தால் தகடு போய், அடியில் உள்ள மட்டமான பலகை பல்லை இளிக்கும். ஈரம் பிழிந்த துணியில் துடைத்து, உலர்ந்ததும் மெழுகு பூசினால் பெரும்பாலும் போதும்.

மேல் பலகையில் வட்ட வட்டமாகத் தழும்பு இருக்கும். பூ ஜாடி வைத்த இடம். கிளாஸ் வைத்த இடம்.

கடைக்காரர் என்றால் அதை மறைத்து விற்பார். வீட்டுக்காரர் யோசிக்க வேண்டும். அந்த ஜாடியை வைத்தது பாட்டியின் கை. பெட்டி பாடினால் போதும், தழும்பு இருக்கட்டும் என்று விடுகிறவர்களும் உண்டு.

இன்னும் சிலர், "எதற்கு இந்த வம்பு? உள்ளே இருப்பதை எடுத்துவிட்டு, செல்போன் பாட்டைப் பாடும் புது ஸ்பீக்கரை வைத்துவிடலாமே" என்கிறார்கள். டிரான்ஸ்பார்மர் கருகி, பாகமே கிடைக்காத பெட்டிக்கு அது ஒரு வழிதான். அப்படிச் செய்தாலும் பழைய பாகங்களை மூட்டை கட்டி வைப்பது நல்லது. பின்னால் வரும் பிள்ளை தேடலாம்.

பிழைக்கக் கூடிய பெட்டியைப் பிடுங்குவது மட்டும் பாவம்.

எல்லாம் சரியானாலும் பெட்டி முழுவதும் பழையபடி ஆகிவிடாது. ரேடியோ டயலில் ஐரோப்பிய நகரங்களின் பெயர்கள் வரிசையாக இருக்கும். முள்ளை நகர்த்தினால் பல இடங்களில் இரைச்சல்தான். மீடியம் வேவ் நிலையங்கள் பலவற்றை மூடிவிட்டார்கள். நிலையம் சரியாகப் பிடித்தால் பச்சையாக ஒளிரும் 'மந்திரக் கண்' மங்கிப் போயிருக்கும்.

தட்டு மட்டும் ஏமாற்றாது.

அந்தக் காலத்தில் விருந்துக்கு வருகிறவர்கள் தங்கள் தட்டுகளையும் கொண்டுவருவார்கள். ஒருவர் தட்டு இன்னொருவர் தட்டோடு கலந்துவிடக் கூடாது அல்லவா? அதனால் நடுவில் உள்ள வட்டக் காகிதத்தில் பேனாவால் பெயர் எழுதி வைத்தார்கள். அந்தக் கையெழுத்து இன்றும் அழியாமல் இருக்கிறது.

சுவிட்சைப் போட்டதும் பெட்டி உடனே பாடாது. வால்வு சூடேற அரை நிமிஷம் ஆகும். அதுவரை காத்திருக்க வேண்டும். மெதுவாக ஒரு ரீங்காரம் எழும். தட்டு விழும். கை நகரும். ஊசி உட்காரும்.

அப்போது, வீட்டில் வயதானவர் யாராவது உயிரோடு இருந்தால், அவரை நாற்காலி போட்டுப் பெட்டிக்கு எதிரே உட்கார வைக்க வேண்டும். எந்தப் பாட்டு எந்தச் சனிக்கிழமை, யார் வந்தார்கள், யார் ஆடினார்கள் என்று அவரே சொல்வார். பெட்டியைப் பிறகும் பழுது பார்க்கலாம். அவரிடம் கேட்க வேண்டியதை மட்டும் தள்ளிப்போடக் கூடாது.